தரைமேல் கிடந்த கைக்கோடரி ஆய்வுக்கு உதவுமா?

கேட்கப்பட்டது சுருக்கமாக இதுதான். திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டி ஏரிக்கு மேற்கே ஓர் ஓடைச் சரிவில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கல் ஒன்று கிடந்திருக்கிறது. ஒரு முனை கூர்மை, மறுமுனை உருண்டை, இரண்டு முகங்களிலும் கொத்தி எடுத்தது போன்ற தடங்கள். இது கைக்கோடரி எனப்படும், இரண்டு முகத்திலும் கொத்திச் செய்த பழங்கற்காலக் கருவிதானா என்பது முதல் கேள்வி. கருவியே என்றாலும், அகழாய்வில் எடுக்காமல் தரைமேல் கிடந்ததால் ஆய்வுக்கு உதவாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், அது சரியா என்பது இரண்டாவது.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தரையில் கிடந்த ஒற்றைக் கல்லுக்கு வயது கணிக்க முடியாது என்பது உண்மை. அதற்காக அது ஒன்றுமே சொல்லாது என்று ஆகிவிடாது. எந்த மண்ணின் மேல் கிடந்தது, பக்கத்தில் என்னென்ன கிடந்தன, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எந்தப் பாறையிலிருந்து வந்தது என்றெல்லாம் கேட்டால் பதில் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், இவற்றில் பெரும்பாலானவை கல்லை இடத்தைவிட்டு எடுத்த உடனே போய்விடும். தரைமேல் கிடக்கும் கருவியை ஆராய்பவர் முதலில் ஆராய வேண்டியது அந்தத் தரையைத்தான். மற்ற நுணுக்கமெல்லாம் அதற்கு அப்புறம்.

நீங்கள் நின்ற பகுதி சாதாரண இடமில்லை. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியிலிருந்து வெட்டிப் போட்ட குவியலில் ஒரு கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் பூண்டிக்கு அருகே, கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்து ஓடைக்குப் போனார். அங்கே ஒன்றிரண்டல்ல, ஏராளமான கருவிகள் கிடந்தன. ஃபூட்டுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1859-இல்தான் பிரான்ஸின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்கருவிகள் மிகப் பழையவை என்று ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தி தெரிந்தவர், எதைத் தேட வேண்டும் என்று தெரிந்து தேடியவர் ஃபூட். அதோடு அவர் நிலவியலாளர். கல் கிடந்த மண் எது, அதற்குக் கீழே எந்தப் படிவம் என்று பார்ப்பது அவருடைய அன்றாட வேலை.

அப்படிப்பட்டவர்கள் பார்த்த அத்திரம்பாக்கத்திலேயே ஒரு விஷயம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடிபடாமல் இருந்தது. மழைநீர் அரித்த ஓடைகளின் சரிவிலும் அடியிலும் கருவிகள் கிடந்தன. மேலே செம்புரைச் சரளை, அதாவது இரும்புச் சத்தால் சிவந்து இறுகிய சரளை. அதற்குக் கீழே அடுக்கடுக்கான களிமண். அந்தக் களிமண்ணை டைனோசர் காலத்தைச் சேர்ந்த, அதாவது கிரெட்டேசியஸ் காலத்து, களிப்பாறை என்று நினைத்திருந்தார்கள். அதற்குள் மனிதன் செய்த பொருள் இருக்க வழியே இல்லை. எனவே களிமண்மேல் கிடந்த கருவிகள் எல்லாம் மேலிருந்த சரளையிலிருந்து உருண்டு வந்தவை என்று கணக்கு முடிந்துவிட்டது. 1999-இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு அங்கே அகழாய்வைத் தொடங்கினார். குமார் அகிலேஷும் அவரும் இணைந்து பல ஆண்டுகள் நடத்திய அந்த வேலையில், களிமண்ணுக்குள்ளேயே, பல மீட்டர் ஆழத்தில், கைக்கோடரிகள் படிந்த நிலையில் கிடைத்தன. அது கிரெட்டேசியஸ் காலத்துப் பாறையே இல்லை. ஆற்றுவெள்ளம் கொண்டுவந்து படிய வைத்த களிமண். 2011-இல் வெளியான ஆய்வின்படி அந்தக் கருவிகளின் சராசரி வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள்.

தரையில் கிடந்த கருவிகள் ஆய்வாளர்களை ஏமாற்றிவிட்டன என்று இதைப் படிக்கலாம். நான் அப்படிப் படிக்க மாட்டேன். கருவிகள் சரியான இடத்தில்தான் கிடந்தன. அவை கிடந்த தரையைப் பற்றிய முடிவுதான் பிழை. தரையைத் தவறாகப் படித்தால் அதன்மேல் கிடக்கும் எல்லாமே தவறான கதை சொல்லும்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். இது கருவியா, இயற்கையாக உடைந்த கல்லா?

அந்தப் பக்கத்துக் கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற, மணல் இறுகி உருவான கடினமான கல்லில் செய்தவை. அல்லிக்குழி மலையிலும் சத்தியவேடு பக்கத்து மலைகளிலும் உருண்டைக் கற்கள் இறுகிச் சேர்ந்த பாறைப்படிவங்கள் உள்ளன. அவை அரிபட்டு உதிரும்போது கைக்கு அடக்கமானது முதல் தூக்க முடியாதது வரை எல்லா அளவிலும் குவார்ட்சைட் உருண்டைகள் சரிவிலும் ஓடையிலும் வந்து சேர்கின்றன. அன்றைய மனிதனுக்கு இது வரம். இன்றைக்குத் தேடுபவருக்குச் சோதனை. காரணம், ஆயிரக்கணக்கான இயற்கைக் கற்களுக்கு நடுவே அதே பாறையில் செய்த கருவி கிடக்கும்.

கல்லை இன்னொரு கல்லால் சரியான கோணத்தில் அடித்தால் ஒரு செதில் பெயர்ந்து வரும். அடி விழுந்த இடத்தில் செதிலின் உட்புறம் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதைக் குமிழ் என்கிறோம். செதில் பெயர்ந்த கருக்கல்லில் அதே இடத்தில் ஒரு குழிவு இருக்கும். ஃபிளிண்ட் போன்ற வழவழப்பான கல்லில் அடியிலிருந்து பரவும் அலைக் கோடுகளும் தெளிவாகத் தெரியும். புத்தகப் படங்களில் பார்ப்பது அதைத்தான். குவார்ட்சைட் மணல்மணியாக இருப்பதால் அலைக் கோடுகள் பெரும்பாலும் தெரியாது, குமிழும் மங்கலாக இருக்கும். படத்தில் உள்ளது போல இல்லையே என்று நல்ல கருவியைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு, பளபளப்பான ஒரு சாலை ஜல்லியைப் பத்திரப்படுத்தியவர்களும் உண்டு.

நான் பார்ப்பது தடங்களின் ஒழுங்கை. ஓடையில் உருண்டு மோதிய கல்லிலும் செதில் பெயரும். ஆனால் அங்கொன்று இங்கொன்றாக, நீட்டிக்கொண்டிருக்கும் மூலைகளில், பல திசைகளில் பெயரும். கைக்கோடரியில் ஒரு பக்கம் அடித்து, திருப்பி மறுபக்கம் அடித்து, விளிம்பைச் சுற்றி வந்திருப்பார்கள். இரண்டு முகங்களின் தடங்களும் ஒரே விளிம்பில் வந்து சந்திக்கும். பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அந்த விளிம்பு நேராகவோ, சீரான வளைவுகளோடோ ஓடும். ஒரு தடம் இன்னொன்றை வெட்டிக்கொண்டு போகும், எது முதலில் எது பிறகு என்று சொல்லிவிடலாம். கைப்பிடிக்கும் அடிப்பக்கத்தில் ஆற்றுக்கல்லின் பழைய தோல் அப்படியே விடப்பட்டிருப்பதும் அந்தப் பகுதியில் வழக்கம். உங்கள் விவரிப்பில் இரண்டு முகத்திலும் தடம், ஒரு முனை கூர்மை, மறுமுனை உருண்டை என்று இருக்கிறது. வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. விளிம்பைப் பக்கவாட்டில் படம் எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இன்னொரு எச்சரிக்கை. அந்தப் பக்கம் கல் உடைக்கும் கிரஷர்கள் உண்டு, ஏரிக் கரைக்கும் சாலைக்கும் மண் எடுத்த பள்ளங்கள் உண்டு. பொக்லைன் பல் பட்ட கல்லிலும் அச்சு அசலாகச் செதில் பெயர்ந்திருக்கும். ஆனால் அந்தத் தடம் புதிதாக, கல்லின் உள்நிறத்தில் இருக்கும். பழைய தடத்தில் காலத்தின் நிறம் ஏறியிருக்கும். ஒரே கல்லில் இரண்டு நிறத் தடங்கள் இருந்தால் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒன்று, கலப்பையோ எந்திரமோ பின்னால் செய்த சேதமாக இருக்கலாம். அல்லது, பழைய கருவியைப் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து வேறொருவர் எடுத்து மறுபடியும் கொத்தியிருக்கலாம். புதிய தடங்களுக்கும் ஓரளவு பழுப்பு ஏறியிருந்து, அவை விளிம்பில் ஒழுங்காகப் போனால் இரண்டாவதை யோசிக்கலாம்.

கல்லின் உடல்நிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்கு எடுத்து வந்தவர்கள் முதலில் செய்வதே அதைக் கெடுக்கிற வேலைதான்: கழுவுவது. பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். கருவியின் பள்ளங்களில் செம்புரைத் துணுக்குகள் இறுகி ஒட்டியிருந்தால் அது ஒரு காலத்தில் செம்புரைச் சரளைக்குள் புதைந்திருந்தது என்று அர்த்தம். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் சுண்ணாம்புக் கட்டிகள் உள்ள மண்ணிலிருந்து வந்திருக்கிறது. தரைமேல் கிடந்த கல்லுக்கு அது வந்த படிவத்தோடு இருக்கும் ஒரே நேரடித் தொடர்பு சில சமயம் அந்த ஒட்டுமண்தான். அதைக் குழாயடியில் விட்டுவிட்டால் பிறகு எந்த ஆய்வகமும் திரும்பக் கொண்டுவர முடியாது.

விளிம்பு கூராக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா என்பது அடுத்தது. வெள்ளத்தில் சரளையோடு சரளையாக உருண்டு வந்த கருவியின் விளிம்பும் தடங்களுக்கு இடையிலுள்ள மேடுகளும் உருண்டிருக்கும். விளிம்பு இன்னும் கூராக இருந்தால் அதிக தூரம் உருளவில்லை, நீண்ட காலம் மண்ணுக்குள் பாதுகாப்பாக இருந்து அண்மையில் வெளியே வந்திருக்கலாம். ஒரே ஓடையில் கூரான கருவிகளும் மழுங்கியவைகளும் சேர்ந்து கிடந்தால், அவை குறைந்தது இரண்டு வேறு வழிகளில் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம்.

நிறத்தையும் தேய்மானத்தையும் வைத்து வயதையே வரிசைப்படுத்தும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 1930-களில் யேல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கூட்டுக் குழுவில் வந்த பேட்டர்சன், திருவள்ளூர் மாவட்டத்து வடமதுரை ஏரிப் பகுதிக் கருவிகளை இப்படிக் குழுக்களாகப் பிரித்தார். அன்றைய நிலையில் வேறு வழியும் இல்லை. ஆனால் நிறம் ஏறுவது மண்ணின் ஈரம், இரும்புச் சத்து, வெயில் எல்லாவற்றையும் பொறுத்தது. ஒரே கல்லின் மேல்பக்கம் வெளுத்தும் அடிப்பக்கம் சிவந்தும் இருப்பதைப் பார்க்கலாம். இரண்டு பக்கத்துக்கும் வயது ஒன்றுதானே? ஆக, நிறம் ஒரு கருவி எங்கெல்லாம் இருந்தது என்பதைச் சொல்லும். எத்தனை ஆண்டுகள் என்பதற்கு அதை நம்பக் கூடாது.

இப்போது தரை. ஒரு கருவி தரைமேல் கிடப்பதற்கு மூன்று நான்கு வழிகள் உண்டு. எவனோ போட்டுவிட்டுப் போன இடத்தில் மண்ணே படியாமல் அப்படியே கிடக்கலாம். பாறை மேடுகளில் இது நடக்கும். அல்லது புதைந்து, பிறகு மேல்மண் அரித்துப் போய் வெளியே வந்திருக்கலாம். மேலேயிருந்து சரிந்து வந்திருக்கலாம். ஆறு கொண்டுவந்திருக்கலாம். இவை தவிர ஏர், கிணறு வெட்டு, தைலமரம் நடக் குழி தோண்டியது என்று மனிதர்கள் கிளறியதும் உண்டு.

இதில் அதிகம் குழப்புவது அரிப்புதான். மழையும் காற்றும் பொடிமண்ணை எடுத்துப் போகும், கனமான கற்கள் அங்கேயே கீழிறங்கும். முறத்தில் புடைத்தது போல, போகக் கூடியதெல்லாம் போய், போக முடியாதது தங்கும். மூன்று வெவ்வேறு மண் அடுக்குகளில், லட்சக்கணக்கான ஆண்டு இடைவெளியில் கிடந்த கருவிகள் கடைசியில் ஒரே தரையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து படுத்துவிடும். கைக்கோடரிக்கு அரையடி தள்ளி ஒரு நுண்கருவி, அதாவது மிகப் பிற்காலத்துச் சின்னஞ்சிறு கற்கருவி, கிடந்தால், ஒரே ஆள் இரண்டையும் செய்தார் என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்தில் கிடப்பது ஒரே காலத்தைக் குறிக்கும் என்பது அகழாய்வுக் குழியில் ஓரளவு செல்லும், அரித்த தரையில் செல்லாது.

அதனால்தான் கள ஆய்வாளர்கள் கருவியைப் பார்த்ததும் குனிவதற்குப் பதிலாக நிமிர்ந்து சுற்றிலும் பார்ப்பார்கள். இது ஓடையின் அடியா, சரிவா, மேடா? மேலே எந்த மண் வெட்டுமுகம், அதாவது அடுக்குகள் தெரியும்படி வெட்டுப்பட்ட பக்கம், தெரிகிறது? அந்த வெட்டுமுகத்திலேயே ஒரு கருவி நீட்டிக்கொண்டிருக்கிறதா? ஓடைக்கு மேல்புறம் நடந்தால் கருவிகள் எங்கே தொடங்குகின்றன? அந்தத் தொடக்கப் புள்ளியைப் பிடித்துவிட்டால் அவை எந்தப் படிவத்திலிருந்து உதிர்கின்றன என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

அப்புறம் எண்ணிக்கை. இங்கேதான் தொழில்முறை ஆய்வும் ஆர்வத் தேடலும் பிரிகின்றன. ஆர்வலர் அழகான கைக்கோடரியை எடுப்பார், உடைந்த செதில்களை விட்டுவிடுவார். பழைய அருங்காட்சியகச் சேகரிப்புகளும் பெரும்பாலும் அப்படித்தான் அமைந்தன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள ஃபூட் சேகரிப்பு இன்றைக்கும் பொக்கிஷம். அவர் கண்டெடுத்த ஊரையும் படிவத்தையும் குறித்து வைத்ததுதான் அதற்குக் காரணம். 1914-லும் 1916-லும், அவர் இறந்த பிறகு, அந்தப் பட்டியல் இரண்டு தொகுதிகளாக அச்சாகியது. ஆனால் எந்தச் சேகரிப்பிலும் கைக்கோடரிகளே நிறைந்திருப்பதைப் பார்த்து, அன்றைய மனிதன் கைக்கோடரியைத்தான் அதிகம் செய்தான் என்று சொல்ல முடியாது. எடுத்தவர் கண்ணுக்கு எது பட்டது என்பதையே அது காட்டும். ஒரு கைக்கோடரி செய்தால் பெரிதும் சிறிதுமாக ஏராளமான செதில்கள் விழும். அவை எங்கே?

இந்தக் கேள்வியிலிருந்துதான் தரைமேல் ஆய்வின் மிக நல்ல முறைகள் வந்தன என்று நினைக்கிறேன். தரையில் ஒரு மீட்டர் சதுரங்கள் குறித்து, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கல்லையும், நகம் அளவுச் சில்லுகள் வரை, எடுத்து அளந்து, அங்கேயே திரும்ப வைத்துவிடுவார்கள். பெரிய கருவி, நடுத்தரச் செதில், பொடிச் சில்லு எல்லாம் எதிர்பார்த்த விகிதத்தில் இருந்தால் அங்கேயே உட்கார்ந்து கருவி செய்திருக்கிறார்கள், நீர் அதிகம் கலைக்கவில்லை. பொடிச் சில்லுகள் மட்டும் காணாமல் போயிருந்தால் நீர் வாரிப் போயிருக்கிறது. பெரிய கருவிகள் மட்டும் காணோம், செதில்கள் ஏராளம் என்றால், செய்து எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அல்லது அண்மையில் யாரோ பொறுக்கியிருக்கலாம்! இதைப் பிரித்தறிய அந்த ஊர் ஆடு மேய்ப்பவர்களிடம் பேசுவது எந்தக் கணக்கையும்விட உதவும். நீண்ட கற்கள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றன என்பதையும் குறிப்பார்கள். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் அங்கே நீர் வேலை செய்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் சைமன் ஹோல்டவே, பாட்ரிசியா ஃபானிங் இருவரின் குழு தரைமேல் கற்சிதறல்களை இப்படி வருடக்கணக்கில் ஆராய்ந்தது. அந்தக் கருவிகள் நம்முடையதை விட மிக மிகப் பிற்காலத்தவை. ஆனால் முறை எங்கும் பொருந்தும். அங்கே பயன்பட்ட ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். உருண்டைக் கல்லுக்கு வெளித்தோல் எவ்வளவு பரப்பு இருக்கும் என்பது அதன் அளவிலிருந்து தெரியும். ஓரிடத்தில் கிடக்கும் எல்லாத் துண்டுகளிலும் மிச்சமிருக்கும் தோலைக் கூட்டி, அத்தனை கல்லுக்கு இருந்திருக்க வேண்டிய தோலோடு ஒப்பிட்டால், குறைகிறதா மிகுகிறதா என்று தெரிந்துவிடும். குறைந்தால் தோலுள்ள செதில்களை எடுத்துக்கொண்டு வேறெங்கோ போயிருக்கிறார்கள். ஒரு துண்டு எலும்போ விதையோ இல்லாத தரையில், மனிதர்கள் நடமாடியதை இப்படிக் கணக்குப் போட முடிகிறது.

வயது விஷயத்தில் ஏன் கையை விரிக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அத்திரம்பாக்கத்துக் களிமண் அடுக்கில் இரண்டு வழிகள் பயன்பட்டன. ஒன்று, அந்தக் களிமண் படிந்தபோது பூமியின் காந்தப்புலம் இன்றைக்கு நேர்மாறாக இருந்தது. அது கடைசியாகத் திரும்பியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். ஆக, களிமண் அதற்கும் பழையது. இரண்டாவது நேரடியாகக் கருவியிலேயே செய்தது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் படப்பட, குவார்ட்ஸ் கனிமத்துக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்கத் தனிமங்கள் மிக நுண்ணிய அளவில் உருவாகும். ஆழத்தில் புதைந்தால் புதிதாக உருவாவது ஏறத்தாழ நின்றுவிடும். அலுமினியம்-26 பெரிலியத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சிதையும். இரண்டின் விகிதம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் புதைந்து எவ்வளவு காலம் என்று வரும். தரைமேல் கிடக்கும் கல்லுக்குக் கதிர்வீச்சு தினமும் விழுந்துகொண்டே இருக்கிறது, அந்தக் கடிகாரத்தை யாரோ ஓயாமல் திருப்பிவைப்பது மாதிரி ஆகிவிடும். கடைசியாக வெயில் பட்ட காலத்தைக் கணக்கிடும் ஒளிர்வு முறையும் மண்ணுக்குள் இருந்த மணலுக்குத்தான் பொருந்தும்.

வடிவத்தை வைத்துச் சொல்லலாமே என்று கேட்கலாம். சொல்லலாம், ஆனால் இடைவெளி மிகப் பெரிது. கென்யாவில் கோகிசெலே என்ற இடத்துக் கைக்கோடரிகள் 17.6 லட்சம் ஆண்டுப் பழையவை. மத்தியப் பிரதேசத்தில் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பாம்புரியில் அச்சூலியன் எனப்படும் கைக்கோடரி மரபுக் கருவிகள் சுமார் 1.4 லட்சத்திலிருந்து 1.2 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை நீடித்தன என்று 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. அத்திரம்பாக்கத்திலேயோ ஏறத்தாழ 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கைக்கோடரிகள் அருகி, செதில்களை முன்கூட்டித் திட்டமிட்டுப் பெயர்க்கும் லெவலுவா முறை வந்துவிட்டது என்று 2018-இல் பப்புவின் குழு எழுதியது. அப்படியானால் 'கைக்கோடரி' என்ற ஒரு வார்த்தைக்குள் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் அடங்கியிருக்கிறது. உங்கள் கல்லைப் பார்த்து 'பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமை' என்று யாராவது செய்தித்தாளில் சொன்னால், பக்கத்து ஊர்க் குழியின் வயதை இதன் தலையில் கட்டுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

தரைமேல் கிடந்ததிலிருந்து குழிக்குள் போன கதைகள் உலகெங்கும் உண்டு. கர்நாடகத்தில் ஹுன்சகி பள்ளத்தாக்கில் தொல்லியலாளர் கே. பட்டய்யா 1970-களிலிருந்து நடந்து நடந்து தேடியதில் அச்சூலியன் இடங்கள் வரிசையாகத் தெரியவந்தன. அவற்றில் இசாம்பூர் மேலே மூடியிருந்த வண்டலை வெட்டி எடுத்ததால் வெளிப்பட்டது. தோண்டியபோது, சுண்ணாம்புப் பாறைப் பலகைகளைப் பெயர்த்து அங்கேயே கருவி செய்த பட்டறையே கிடைத்தது. விலங்குப் பற்களை வைத்து அதற்குச் சுமார் 12 லட்சம் ஆண்டுகள் என்று கணித்தார்கள். கென்யாவின் லோமெக்வியில் 2011-இல் தரைமேல் விசித்திரமான பெரிய கற்களைப் பார்த்துத்தான் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே தரைமேல் கிடந்த ஒரு செதில், மண்ணுக்குள்ளிருந்து எடுத்த கருக்கல்லோடு கச்சிதமாகப் பொருந்தியது. அந்தப் படிவத்தின் வயது 33 லட்சம் ஆண்டுகள். அந்தச் செதிலை யாரோ அழகாயில்லை என்று எறிந்திருந்தால், அல்லது அழகாயிருக்கிறது என்று எடுத்துப் போயிருந்தால், அந்தப் பொருத்தம் கிடைத்திருக்காது.

தோண்டவே வாய்ப்பில்லாத இடங்களும் உண்டு. லிபியாவில், சஹாரா பாலைவனத்தின் மெஸாக் செட்டாஃபெட் மேட்டில் மண்ணே இல்லை, பாறையும் கருவிகளும்தான். ராபர்ட் ஃபோலி, மார்த்தா லார் இருவரும் 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு 75 கற்பொருட்கள். பல லட்சம் ஆண்டுகளாகக் கல்லை உடைத்து உடைத்து மனிதர்கள் ஒரு நிலப்பரப்பையே மாற்றிவிட்டிருக்கிறார்கள். நம் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணல்களும் ஒருவகையில் இப்படித்தான். செம்மணல் காற்றில் நகர நகர, அடியில் கிடந்த நுண்கருவிகள் வெளிவரும், மறுபடி மூடப்படும். ஃபூட் பார்த்த அந்த இடங்களை 1956-இல் ஆய்வாளர்கள் சொய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் மணல்மேடுகள் உருவான வரிசையோடும் கடல்மட்ட மாற்றங்களோடும் சேர்த்துப் படித்தார்கள்.

இனி உங்கள் கல். இன்னும் அங்கேயே இருந்தால் அப்படியே இருக்கட்டும். எடுத்துவிட்டீர்கள் என்றால், கழுவாமல், கிடந்த இடத்துக்கே கொண்டுபோய் முடிந்தவரை அதே நிலையில் வைத்து, செல்பேசியில் இருப்பிட எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து இரண்டு முகம், பக்கவாட்டு விளிம்பு, அடிப்பக்கம் என்று படம் எடுங்கள். அதைவிட முக்கியமாக, பத்தடி தள்ளி நின்று ஓடைச் சரிவு முழுவதும் தெரியும்படி ஒரு படம், மேலேயுள்ள மண் வெட்டுமுகத்தை ஒரு படம். சுற்றிலும் சிறு செதில்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள், எடுக்க வேண்டாம், எண்ணினால் போதும். புல் காய்ந்த பிறகோ, பெருமழை ஓய்ந்து மண் அலசிய பிறகோ போனால் இன்னும் தெரியும். புல் மூடிய மாதத்தில் ஒன்றும் தென்படவில்லை என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதிவிட வேண்டாம், புல் இருந்தது என்று எழுதுங்கள்.

வெட்டுமுகத்தில் ஒரு கல் பாதி உள்ளே பாதி வெளியே நிற்பதைப் பார்த்தால், அதைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் கையிலுள்ளதைவிட அது நூறு மடங்கு பெறும், ஏனென்றால் அதற்கு மட்டும்தான் வயது கணிக்க வழி இருக்கிறது.

படங்களோடு மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். பூண்டியிலேயே அவர்களுடைய பழங்கற்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. அங்கே காட்சியில் உள்ள கைக்கோடரிகளின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு வந்தால் உங்கள் கல்லைப் பற்றிய பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை வைத்த பகுதியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. விலைக்குக் கேட்கிறவர்கள் வருவார்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்வது குற்றம், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம்.

பக்கவாட்டு விளிம்பின் படமும் வெட்டுமுகத்தின் படமும் கிடைத்தால் இங்கேயே போடுங்கள். கருவியா இல்லையா என்பதையும், எந்த மண்ணிலிருந்து வந்திருக்கக் கூடும் என்பதையும் அதிலிருந்து ஓரளவு சொல்லப் பார்க்கிறேன்.